சுமேரியர் தெய்வக் கதைகளும் கலைக்களஞ்சியக் கட்டுரையும்

தமிழ்மொழியிற் பொருட்பெயர்களைத் தொகுத்து விளக்கும் நூன்மரபு தொன்மையானது. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்களுக்குப் பொருள் காட்டின. 1910ஆம் ஆண்டில் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வெளிவந்தபொழுது, புராண இதிகாசங்களிலும் இலக்கியங்களிலும் பயிலும் பெயர்கள் ஓரிடத்தில் அகரநிரலாக அமைந்தன. பின்னர், 1954 முதல் 1968 வரை, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டனர். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ கற்றார் எவரும் எழுதவும், எழுதியதைத் திருத்தவும் இடந்தருவது. முன்னாளில் ஒரு களஞ்சியத்தின் பிழை அதன் ஆசிரியர்குழுவின் பொறுப்பாயிருந்தது. இந்நாளில் அப்பிழையைக் கண்டும் வாளாவிருப்பவனுக்கும் அதில் ஒரு பங்குண்டு.

களஞ்சியக் கட்டுரைகளுள் தமிழர் மிக்க ஆர்வத்தோடு எழுதுவனவும் படிப்பனவுமாகிய சிலவற்றுள் சுமேரியரைப் பற்றியன குறிக்கத்தக்கன. தென் ஈராக்கில், யூப்ரட்டீசு டைகிரிசு என்னும் பேரியாறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், எரிது, உருக், உர், நிப்பூர், லகாசு முதலிய நகரங்களை அமைத்து வாழ்ந்தவர் அம்மக்கள். கி.மு. 3200ஐ ஒட்டிய காலத்திலேயே ஈரக் களிமண் ஏட்டில் நாணற்கோலால் எழுதும் முறையைக் கண்டவர். அவர்தம் தெய்வக் கதைகளை எடுத்துரைக்கும் கட்டுரை எவ்வாறிருத்தல் வேண்டும், எவ்வாறிருத்தல் ஆகாது என்பது ஈண்டு ஆராயப்படும். யாதேனும் ஒரு கட்டுரையைச் சுட்டி இகழ்தல் இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. இப்பொருள்பற்றி எழுதப்புகுவார் பெரும்பாலும் இடறும் இடங்களைக் காட்டித் திருத்தத்திற்கு வழி கூறுதலே நோக்கமாம்.

அங்ஙனம் ஆராய்தற்கு அளவுகோல் யாது எனின், புதிதாக ஒன்று தேடவேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தென வகுத்தனர். அவற்றுட் சில இக்கட்டுரைகளின்கண் அப்படியே காணப்படும்.

முதலாவது மயங்க வைத்தல். சுமேரியரும், அவர்க்குப்பின் அந்நிலத்தில் மேலோங்கிய அக்காதியரும், பாபிலோனியரும், அசீரியரும் மொழியாலும் காலத்தாலும் வேறுபட்டவர். பின்னையோர் முன்னையோரின் தெய்வங்களை ஏற்றுப் பெயர்மாற்றி வழிபட்டனர். இனன்னா இஷ்தார் ஆயினாள். என்கி ஏயா ஆயினான். உது ஷமாஷ் ஆயினான். துமுசி தம்மூஸ் ஆயினான். இதுகொண்டு, மர்துக் என்னும் தெய்வம் தியாமத்தை வென்று உலகைப் படைத்த கதையைச் 'சுமேரியர் படைப்புக் கதை' என்று எழுதிவிடுவர். எனூமா எலிஷ் என்னும் அந்நூல் ஏழு ஏடுகளில் அமைந்த பாபிலோனிய நூல்; மர்துக் பாபிலோன் நகரின் தெய்வம். கில்காமேசைப் பற்றிய செய்தியும் இத்தகையதே. சுமேரிய மொழியில் அவ்வரசனைப் பற்றிக் கிடைப்பன ஐந்து தனிக்கதைகள். அவற்றுட் சிலவற்றைத் தழுவி ஒரு பெருங்காப்பியமாக ஆக்கியவர் அக்காதிய மொழிப் புலவர். பன்னிரண்டு ஏடுகளாக அது அமைந்தது பின்னைக் காலத்திலாம். பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடிய திருவிளையாடலையும் பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தையும் ஒன்றாகக் கலந்து, இரண்டும் ஒருவரே ஒரு காலத்தே பாடியன என ஒருவர் எழுதினால், தமிழறிந்தார் பொறுப்பரோ? பொறார். பிறர் நூலுக்கும் அந்நீதியே வழங்குதல் வேண்டும்.

இரண்டாவது குன்றக் கூறல். இக்கதைகள் இன்று எவ்வாறு கிடைத்தன என்பதைக் கூறாது விடுத்தல் பெருங்குறை. சுமேரியர் இலக்கியத்துட் பெரும்பகுதி, அம்மொழி பேச்சு வழக்கு ஒழிந்தபின், கி.மு. 1800ஐ ஒட்டிய காலத்துப் பள்ளிமாணாக்கர் படியெடுத்த ஏடுகளால் அறியப்படுவது. அப்பள்ளிக்கு 'ஏட்டு வீடு' எனப் பொருள்படும் எதுப்பா என்பது பெயர். நிப்பூரில் 1889 முதல் 1900 வரை பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த ஏடுகள் பல்லாயிரம். அவற்றுட் பல உடைந்தும் தேய்ந்தும் உள்ளன. ஒரு கதையின் தலை ஓர் ஏட்டிலும் உடல் மற்றோர் ஏட்டிலும் கிடத்தலுமுண்டு. ஊழிவெள்ளக் கதையைக் கூறும் சுமேரிய ஏட்டை ஆர்னோ போபல் என்பவர் 1914இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி சிதைந்து போயிற்று. எஞ்சிய பகுதியால், சியுசுத்ரா என்னும் அரசன் தெய்வத்தின் முன்னறிவிப்பைப் பெற்று, பெருங்கலத்தில் ஏறி ஏழு பகலும் ஏழு இரவும் வெள்ளத்தில் மிதந்து பிழைத்தான் என்பது விளங்கும். மனிதரின் ஆரவாரம் பொறாமையால் தெய்வங்கள் வெள்ளம் விடுத்தன என்னுங் காரணம் அத்ரகாசிஸ் என்னும் அக்காதிய நூலிற் கூறப்படுவது. இதனைச் சுமேரிய ஏட்டிலேயே உள்ளதுபோல எழுதுதல் சிதைந்த சுவரில் தன் ஓவியத்தைத் தீட்டி, பழைய ஓவியம் என விற்பதனை ஒக்கும். உ.வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது சிதைந்த இடங்களைச் சிதைந்தனவாகவே காட்டினர். 267, 268ஆம் பாட்டுக்கள் கிடையாமையையும் மறைத்திலர். அந்நேர்மையே களஞ்சியத்திற்கும் அணியாம்.

இவ்விடத்து ஒன்று கூறல் தகும். வெள்ளக் கதையைக் கண்டவுடன் சீகாழித் தலபுராணத்தை நினைந்து, இரண்டும் ஒன்றே என்று துணிவாரும் உளர். சீகாழியில் இறைவன் அறுபத்துநான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, உமையம்மையோடு பிரணவத் தோணியில் எழுந்தருளி ஊழியைக் கடந்தனன் என்பர். ஆகலின் அத்தலம் தோணிபுரம் எனப்படும். சுமேரியர் கதையிலோ கலத்தில் ஏறுபவன் மனிதன். வெள்ளத்தை ஏவியனவும் தெய்வங்களே, அவனைப் பிழைப்பித்ததும் அவற்றுள் ஒன்றே. ஒன்றில் ஊழிக்குத் தலைவனான ஒருவன் உளன். மற்றொன்றில் தம்முள் மாறுபடும் தெய்வங்களின் அவை உளது. வெள்ளமும் கலமும் இரண்டிற்கும் பொது, கருத்து வேறு. ஒப்புமையோடு வேற்றுமையையும் கூறுவதே ஒப்பாராய்ச்சியாம்.

மூன்றாவது வழூஉச்சொற் புணர்த்தல். தம் சமயக் கதைகளைப் புராணம் என்றும், பிறர் சமயக் கதைகளைக் கட்டுக்கதை என்றும் எழுதுதல் சொல்வழுவோடு நெறிவழுவும் ஆகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த கைலாசபுரம் கொதிகலன் ஆக்கும் பாரத மிகுமின் நிலையத்தாரின் குடியிருப்பு. அதற்கு அணித்தே திருவெறும்பூர்க் குன்றின்மீது எறும்பீசர் எழுந்தருளியுள்ளார். அப்பரடிகள் பாடிய திருவெறும்பியூர் அதுவே; சோழர் காலக் கல்வெட்டுக்களும் ஆங்குள. தாரகாசுரனால் வருந்திய தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வழிபட்டனர் எனவும், அவர் ஏறுதற்கு எளிதாக இறைவன் திருமேனி சாய்ந்தருளினன் எனவும் தலபுராணம் கூறும். வேற்றுநாட்டார் ஒருவர் இதனை அரைகுறையாகக் கேட்டு, 'திருவெறும்பூர் மக்கள் எறும்பைத் தெய்வமாக வணங்கினர்' எனத் தம் களஞ்சியத்தில் எழுதினால், அக்குன்றில் நாடோறும் ஏறி வழிபடும் அடியார் உள்ளம் எத்துணை வருந்தும்! எறும்பு வழிபட்டது, வழிபடப்பட்டதன்று. ஒரு சொல் புரண்டமையால் ஓர் ஊரின் அன்பு முழுவதும் அறியாமையாகக் காட்டப்பட்டது. சுமேரியர்க்காக வருந்துதற்கு இன்று அச்சமயத்தார் ஒருவரும் இலர். வாதாட வருவார் இல்லாதார் திறத்திலேதான் எழுதுவோன் நடுவுநிலைமை மெய்யாகச் சோதிக்கப்படும். ஆகலின் 'தெய்வக் கதை' என்றோ 'தொன்மம்' என்றோ எல்லார்க்கும் பொதுவாக வழங்குக.

நான்காவது மிகைபடக் கூறல். இதுவே தமிழரை மிகவும் கவர்வது. ஆகலின் மிகவும் அஞ்சத்தக்கது. சுமேரியர் தமிழரே, சுமேரியம் தமிழே என்னும் கூற்று களஞ்சியக் கட்டுரைகளில் முடிந்த முடிபுபோல நுழைவதுண்டு. ஹீராஸ் பாதிரியார் 1953இல் வெளிவந்த தம் பெருநூலில், சிந்துவெளி மக்களாகிய திராவிடர்க்கும் மேற்றிசைப் பழங்குடிகட்கும் உறவு கூறினர். ஈழத்துத் தமிழறிஞர் ஆ. சதாசிவம் 1965இற் சுமேரியம் திராவிடமொழியே என ஒரு நூல் எழுதினர். இவர் உழைப்பு மதிக்கத்தக்கது. இவர் கருத்து இன்னது என ஒரு களஞ்சியம் கூறுதலும் தக்கதே. ஆயினும், சுமேரிய மொழியை ஆராய்வோர் பெரும்பாலும் அதனை இனமொழி அறியப்படாத தனிமொழி என்றே கொள்கின்றனர். இதனை விடுத்து முன்னதை மட்டும் கூறுதல் வாசகனை ஏமாற்றுதலாம்.

அற்றேல், சுமேரியத்தில் நகரத்தை உரு என்பதும், தாயை அம என்பதும் தமிழுக்கு இனமாதலைக் காட்டாவோ எனின், காட்டா. என்னை? தாயைக் குறிக்கும் மகர ஒலிச்சொல் குழவிகள் முதலிற் பேசும் ஒலியாதலின் உறவில்லாத மொழிகள் பலவற்றிலும் உள்ளது. உர் என்னும் நகரின் பழம்பெயரோ சுமேரியத்தில் உரிம் என்பது. நகரைக் குறிக்கும் பொதுச்சொல் வேறு. மொழியுறவு இரண்டொரு சொல்லின் ஒலியொப்புமையால் நாட்டப்படுவதன்று. முறைதவறாத ஒலித்திரிபினால் நாட்டப்படும். தமிழிற் பால், புலி, பத்து, பெண் என வருவன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹெண்ணு என வரும். மொழிமுதற் பகரம் ஹகரமாதல் இங்ஙனம் சொல்தோறும் ஒழுங்காக நிகழ்தலின், இரண்டும் ஒருதாய் வயிற்றின என்பது ஐயமின்றிப் பெறப்படும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் திராவிடமொழிகளின் உறவை இவ்வாறு முறைப்பட ஆராய்ந்து நிறுவிற்று. சுமேரியத்திற்கும் தமிழுக்கும் இத்தகைய ஒழுங்கு எல்லாரும் ஒப்புமாறு காட்டப்பட்டிலது. அளவை நூலார் கருதலளவைக்கு ஏது இன்றியமையாதது என்பர். ஏதுப்போலியால் நாட்டியது நில்லாது.

மெய்யாக உள்ள தொடர்பைக் கூறுதற்குத் தடையில்லை. அக்காத் நகரத் துறையில் மெலுகா நாட்டு மரக்கலங்கள் வந்து நின்றன என்று சார்கோன் அரசன் தன் சாசனத்திற் பெருமையுறக் கூறினன். மெலுகா என்பது சிந்துவெளி நிலம் என அறிஞர் பெரும்பாலார் கொள்வர். சிந்துவெளி முறையில் அமைந்த முத்திரைகள் உர் நகரில் கிடைத்தமையை காட் என்பவர் 1932இல் எழுதி வெளியிட்டார். வாணிகத்தால் இருநாட்டாரும் அறிமுகமாயிருந்தனர் என்பது இதனால் உறுதிப்படும். உள்ள பெருமையே போதியதாயிருக்க, இல்லாத பெருமையைக் கடன்வாங்குவது எற்றுக்கு? கடன் திருப்பிக் கேட்கப்படும் நாளில் உள்ள பெருமையும் ஐயுறப்படும்.

ஐந்தாவது மற்றொன்று விரித்தல். சகரியா சிச்சின் என்பவர் 1976இல் எழுதிய நூலில், அனுன்னாகி எனப்படும் சுமேரியத் தெய்வங்கள் வேறொரு கோளிலிருந்து வந்தவர் எனக் கூறினர். ஏடுகளைப் படிக்க வல்ல அறிஞர் இதனை ஏற்றிலர். ஆயினும் கேட்டார்ப் பிணிக்கும் புதுமை உண்மையினும் விரைந்து பரவுதலின், இது தமிழிலும் பரவியது. களஞ்சியத்தில் இதற்கு இடம் ஒருவரியே. அதுவும் இக்காலத்துக் கற்பனை என்னும் குறிப்போடு.

ஆறாவது நின்று பயனின்மை. ஆன் வானத்தின் தெய்வம், என்லில் காற்றின் தெய்வம், என்கி நன்னீரும் அறிவும் உடைய தெய்வம், நன்னா திங்கள், உது ஞாயிறு எனப் பெயர்நிரல் ஒன்றைக் கொடுத்து முடிப்பர். இதனைப் படித்தவன் அம்மக்கள் எதற்கு அஞ்சினர், எதனை வேண்டினர் என்பதை அறியான். இதற்கு மாறாக இரண்டு மூன்று செய்திகளை விளங்க எடுத்துரைப்பின் கட்டுரை உயிர்பெறும்.

இனன்னா கீழுலகு புக்க கதை ஏறத்தாழ 400 அடிகளால் அமைந்தது. வானரசியாகிய அவள் தன் தமக்கை எரெஷ்கிகல் ஆளும் இறந்தோர் உலகிற்குச் செல்கின்றாள். ஏழு வாயில்களிலும் முடி, அணி, ஆடை என ஒவ்வொன்றாகக் களையப்பட்டு, வறியளாய் உட்புகுந்து இறந்துபடுகின்றாள். மூன்று நாள் கழிந்தபின் அவள் ஏவலாளாகிய நின்சுபுர் தெய்வங்களிடம் முறையிட, என்கி ஒருவனே இரங்கித் தன் நகத்தழுக்கினால் இருவரைப் படைத்து, உயிர்தரும் உணவும் நீரும் கொடுத்து விடுக்கின்றான். உயிர்பெற்றெழுந்த இனன்னா தனக்கு ஈடாக ஓருயிரைக் கொடுத்தல் வேண்டும் என்பது அவ்வுலகின் நியதி. தன் பொருட்டுத் துயருறாது அரியணையில் வீற்றிருந்த கணவன் துமுசியையே அவள் ஈடாகக் காட்டுகின்றாள். அவனும் அவன் தங்கை கெஷ்தினன்னாவும் ஆண்டிற் பாதி பாதியாகக் கீழுலகில் உறைவர் என்பது முடிபு. கணவனை மீட்டற்கே அவள் சென்றாள் என்று அறிஞரும் ஒருகாலத்துக் கருதியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறு ஏடுகள் படிக்கப்பட்ட பின்னரே உண்மை தெளிந்தது. பழைய கருத்தை இன்றும் எழுதும் கட்டுரை திருத்தப்படுதல் வேண்டும்.

மற்றொன்று, சார்கோன் மகளும் உர் நகரில் நன்னாவின் தலைமைப் பூசகியுமாகிய என்கெதுவன்னாவைப் பற்றியது. கி.மு. 23ஆம் நூற்றாண்டினளாகிய அவள் பெயரால் இனன்னாவைப் போற்றும் பாடல்களும், 42 கோயிற் பாடல்களும் வழங்குகின்றன. நகர்தோறும் உள்ள கோயிலை விளித்துப் பாடும் அப்பாடல்களை அறியும் சைவர்க்குத் தலந்தோறும் சென்று பாடிய மூவர் பதிகங்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. இது வழிவந்த உறவன்று. தெய்வம் உறையும் ஊரை அன்பால் அழைக்கும் மனித உள்ளத்தின் ஒருமை.

மூன்றாவது, கி.மு. 2004ஐ ஒட்டி ஏலாமியரால் உர் நகர் அழிந்தமை பற்றிய இரங்கற்பாக்கள். நகரத்தைக் காக்குமாறு நன்னாவின் தேவி நின்கல் அழுது வேண்டுகின்றாள். தெய்வ அவை மறுக்கின்றது. அரசு எந்நகர்க்கும் என்றும் நிலையாக அளிக்கப்பட்டதன்று என்பது மற்றொரு பாவில் என்லில் கூறும் விடை. தம் தெய்வமும் தம்மைக் காக்க வலியற்று அழுதது என்று பாடிய மக்களின் துயரம் பெயர்நிரலால் விளங்குமோ?

இனி, அழிந்துபோன சமயமொன்றின் கதைகளைச் சைவர் இத்துணை நுணுகி ஆராய்தல் எற்றுக்கு என ஒரு தடை எழும். அதற்கு விடை அருணந்தி சிவாசாரியார் செயலிலேயே உள்ளது. சித்தியார் பரபக்கத்தில் அவர் உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளையும், அவ்வவர் கூற்றை முதலில் உள்ளவாறு நிறுத்திப் பின்னரே மறுத்தனர். பிறர் கூறாததைக் கூறியதாக வைத்து மறுத்தல் வெற்றியன்று. களஞ்சியத்தின் தொழில் மறுப்பன்று. ஆகலின் உள்ளவாறு நிறுத்துதலாகிய முதற்பகுதியையே அது செம்மையாகச் செய்தல் வேண்டும். பிறப்பும் இறப்பும் வினையும் உடைய தெய்வங்களினும் வேறாய், அவற்றை வழிபடுவார்க்கும் அவ்வடிவில் நின்று அருள்பவன் ஒருவன் உளன் என்பது சித்தியாரின் துணிபு. இனன்னாவின் இறப்பையும் நின்கலின் கண்ணீரையும் ஆண்டுள்ளவாறே அறிந்த சைவனுக்கு அத்துணிபின் ஆழம் முன்னினும் விளங்கும். அங்ஙனம் வழிபட்டாரை எள்ளுதற்கும் அவன் நாணுவன்.

திருத்தும் முறையும் முன்னோர் காட்டியதே. சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு இயற்றிய விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்தியபொழுது, முழுவதும் அழித்துத் தம்முரை எழுதினாரல்லர். நல்லன நிறுத்தி, தவறியன களைந்து, வேண்டுவன சேர்த்தனர். களஞ்சியக் கட்டுரையைத் திருத்துவோரும் இங்ஙனமே செய்க. அதன் தொடக்கம் பின்வருமாறு அமைதல் நன்று:

'சுமேரியர் தெய்வக் கதைகள் தென் ஈராக்கில் வாழ்ந்த சுமேரிய மக்களின் சமயக் கதைகள். இவை களிமண் ஏடுகளில் ஆப்பெழுத்தால் எழுதப்பட்டன. இன்று கிடைப்பவற்றுட் பெரும்பாலன கி.மு. 1800ஐ ஒட்டிய காலத்துப் படிகள், பல சிதைந்தவை. அக்காதியரும் பாபிலோனியரும் இக்கதைகளை ஏற்று மாற்றியமைத்தனர். அவர் நூல்கள் தனியே குறிக்கப்படும். சுமேரியம் இனமொழி அறியப்படாத மொழி. அதனைத் திராவிடத்தோடு இணைக்கும் கருத்துக்கள் உள. அவை பெரும்பாலாரால் ஏற்கப்பட்டில.'

இதன்பின் தெய்வங்கள், கதைகள், கோயிலும் வழிபாடும், ஏடுகள் படிக்கப்பட்ட வரலாறு என நான்கு பகுதிகள் நிரலே வருதல் வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் அது எம்மொழி ஏட்டில் உள்ளது என்னும் குறிப்பு இன்றியமையாதது.

நிப்பூரில் என்லிலின் கோயிலுக்கு எகுர் என்று பெயர். அதற்கு மலைவீடு என்பது பொருள். மலையில்லாச் சமநிலத்தில் வாழ்ந்த மக்கள் தம் தெய்வத்தின் இல்லத்தை மலை என்று அழைத்தனர். கைலாசபுரத்து மாணவன் ஒருவன் இதனைத் தமிழிற் படித்து, தன் குடியிருப்பின் பெயரும் ஒரு மலையின் பெயரே என நினைந்து வியப்பானாயின், அவ்வியப்பு நல்லது. அதனாலேயே எகுரும் கயிலையும் ஒன்று என அவன் துணியாதவாறு காத்தல் களஞ்சியம் எழுதுவோர் கடன். அறிஞர் இவற்றை ஆராய்ந்து, குறையுளதேல் திருத்திக் கொள்க.

திருச்சிற்றம்பலம்.